சென்னையின் முதல் வானொலி: உறுப்பினர்களின் கவனத்திற்கு

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம். சென்னை வானொலியின் வரலாறு 1938-இல்தான் தொடங்குகிறது என்ற கருத்து நம் குழுவிலும் அடிக்கடி பகிரப்படுவதால், அதற்கு முந்தைய 14 ஆண்டுகளைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன்.

சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முன்முயற்சியால் 1924 மே மாதம் உருவான சென்னை மாகாண வானொலி மன்றம், அதே ஆண்டு ஜூலை 31 அன்று 40 வாட் ஒலிபரப்புக் கருவியைக் கொண்டு ஒலிக்கேற்ப வானொலி அலையின் வீச்சை மாற்றி அனுப்பும் ஏ.எம். முறையில் ஒலிபரப்பத் தொடங்கியது. இன்றைய குண்டு பல்பு ஒன்றின் திறன் அளவேயான அந்தக் கருவியிலிருந்து மாலைதோறும் இசையும் உரைகளும் ஒலித்தன என்பதை எண்ணும்போது எனக்கு உள்ளபடியே பெருமிதம் உண்டாகிறது. பின்னர் 200 வாட் கருவி வந்தது. ஆயினும், பணமுடையால் 1927-இல் மன்றம் ஒலிபரப்பை நிறுத்தி, கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது.

மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ரிப்பன் மாளிகையிலிருந்து ஒலிபரப்பை நடத்தியது. வீட்டில் வானொலிப் பெட்டி வாங்க வசதியற்றவர்களும் கேட்கும்படி மெரினா கடற்கரை உள்ளிட்ட பொது இடங்களில் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டதை, அந்த நிலையத்தின் ஆகச் சிறந்த பணியாகக் கருதுகிறேன். 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும்வரை இந்தச் சேவை நீடித்தது.

அக்காலப் புகைப்படங்கள், நிகழ்ச்சி நிரல்கள், வானொலி உரிமச் சீட்டுகள் போன்றவை உங்கள் இல்லங்களில் இருந்தால், ஆண்டையும் இடத்தையும் குறிப்பிட்டுக் குழுவில் பகிருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.