ஓடு மாற்றாத வருடம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நீ மெயிலில் அனுப்பிய நான்கு பக்கங்களையும் கடையில் அச்செடுத்து வந்து மூன்று வாரமாகப் படிக்கிறேன். அம்மாவிடம் முதல் பக்கத்தை மட்டும்தான் காட்டினேன். மீதியை என் தலையணைக்கு அடியிலிருந்து அவளே எடுத்துப் படித்துவிட்டாள். ஒரு நாள் முழுக்க என்னோடு பேச்சில்லை. மறுநாள் காலையில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நாலு பக்கம் எழுதியிருக்கிறாள், ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று ஒரு வரி இல்லையே" என்றாள்.

இனி சபைக்குப் போவதில்லை என்ற உன் முடிவுக்குப் பதிலாக முதலில் ஒரு பிரசங்கமே எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டேன். உன் மூன்றாம் பக்கத்தில் தீரு பட்டணத்தைப் பற்றி எழுதியிருக்கிறாயே, அதைப் படித்த பிறகு எனக்குப் பிரசங்கம் செய்ய வாய் இல்லை.

நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஓய்வுநாள் பாடசாலையில் பெரிய வகுப்புக்கு நான் 'நிறைவேறிய தீர்க்கதரிசனங்கள்' நடத்தினேன். பைபிளில் எசேக்கியேல் 26ஆம் அதிகாரம், தீரு பட்டணம் அழியும் என்று தீர்க்கதரிசி முன்னறிவிக்கிற இடம். கரும்பலகையில் கடல், கடலுக்குள் தீவு, கி.மு. 332இல் அலெக்சாந்தர் பழைய பட்டணத்தின் கல்லையும் மண்ணையும் கொட்டிப் போட்ட பாதை, எல்லாம் கலர் சாக்கட்டியில் வரைந்து, "உன் மண்ணையும் கடலின் நடுவிலே போட்டுவிடுவார்கள்" என்ற வசனத்துக்கு அடிக்கோடு போட்டேன். எனக்கே புல்லரித்தது. நீ கையைத் தூக்கி 29ஆம் அதிகாரத்தை வாசித்தாய். தீருவை முற்றுகையிட்ட பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் சேனையில் ஒவ்வொரு தலையும் மொட்டையாயிற்று, ஒவ்வொரு தோளும் உரிந்துபோயிற்று, ஆனாலும் தீருவினால் அவனுக்குக் கூலி கிடைக்கவில்லை என்கிற இடம். "அப்படியென்றால் அவன் பட்டணத்தைப் பிடிக்கவில்லையா சார்?" என்று கேட்டாய். வகுப்பில் நான் உனக்கும் சார்தான்.

"உட்கார். பிசாசுக்கும் வசனம் தெரியும்" என்றேன்.

அன்று இரவு அந்த இரண்டு அதிகாரங்களையும் வரிவரியாகப் படித்தேன். நீ கேட்டது சரி. முதலில் அந்த ராஜாவின் பெயரைச் சொல்லித்தான் அழிவு முன்னறிவிக்கப்படுகிறது. அவனோ 13 ஆண்டு முற்றுகையிட்டும் தீவைச் சூறையாட முடியவில்லை. அதைத் தீர்க்கதரிசியே பின்னால் ஒத்துக்கொண்டு, கூலிக்கு எகிப்தைக் காட்டுகிறார். "இனிக் கட்டப்படாய்" என்ற பட்டணத்தில் பவுல் இறங்கி ஏழு நாள் தங்கியதாக அப்போஸ்தலர் நடபடிகளிலேயே இருக்கிறது. இன்றும் லெபனானில் அது ஆள் நடமாட்டமுள்ள ஊர். 'அநேகம் ஜாதிகள்' என்று தொடக்கத்தில் இருக்கிறதே, அதில் அலெக்சாந்தரும் அடக்கம் என்று பதில் சொல்வார்கள். நானும் பல வருடம் அதையே சொன்னேன். சொல்லும்போதெல்லாம் உன் முகம் முன்னால் வந்து நிற்கும். ஆனாலும் உன்னைக் கூப்பிட்டு, "நீ கேட்டது நியாயம்" என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வேறு பாடத்துக்குப் போய்விட்டேன்.

ஏசாயா 7:14 பற்றியும் உன்னோடு சண்டைக்கு வரமாட்டேன். ஒரு கன்னிகை கர்ப்பவதியாகி ஒரு குமாரனைப் பெறுவாள் என்று எத்தனையோ கிறிஸ்துமஸ் ஆராதனையில் நீ வாசித்த வசனம் அது. எபிரேயச் சொல்லுக்கு இளம்பெண் என்று பொருள், கிரேக்கத்துக்குப் போனபோது கன்னிகை ஆனது, ஆகாஸ் ராஜாவின் கண்ணெதிரே இருந்த ஆபத்துக்குக் கொடுத்த அடையாளம் அது என்று எழுதியிருக்கிறாய். எங்கள் சபைப் போதகர் ஒருவரும் இதைத்தான் எனக்குத் தனியாகச் சொன்னார், பிரசங்க பீடத்தில் சொல்லவில்லை. இதுதான் எங்கள் தலைமுறையின் பழக்கம். கூரையின் பாரம் முழுவதையும் நிறைவேறிய தீர்க்கதரிசனம் என்கிற ஒற்றை உத்திரத்தில் ஏற்றினோம். அது உளுத்திருப்பது தெரிந்ததும், பிள்ளைகள் அண்ணாந்து பார்க்காதபடி பார்த்துக்கொண்டோம்.

கூரை என்றதும் ஞாபகம் வருகிறது. நீ பிறந்த 1988இல் நம் வீட்டு ஓடு மாற்றவேண்டியிருந்தது, பணமும் கையில் இருந்தது. 1948இல் இஸ்ரவேல் உண்டானது, அடையாளமாக இயேசு சொன்ன அத்திமரம் துளிர்த்துவிட்டது, ஒரு சந்ததிக்கு 40 வருடம், ஆகவே இந்த வருடம் இயேசுவின் இரண்டாம் வருகை என்று ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கணக்கு வாத்தியாரான நானும் கூட்டிப் பார்த்து, சரியாக வருகிறதே என்று தலையாட்டினேன். கர்த்தரே வரும்போது ஓடு எதற்கு? ஐப்பசி மழையில் உன் தொட்டிலுக்கு நேர் மேலே ஒழுகியது. அம்மா தொட்டிலை இழுத்து நகர்த்திவிட்டு அந்த இடத்தில் அண்டாவை வைத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வருடம் ஓடு மாற்றினேன். வருகை ஏன் தள்ளிப்போனது என்று அந்தப் பிரசங்கியாரை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அமெரிக்காவில் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்துக் காத்திருந்தவர்களில் சிலர் வயலை அறுக்காமலே விட்டிருந்தார்களாம். ஒரு ஓட்டோடு நான் தப்பித்தேன்.

நீ தப்பிக்கவில்லை. உன் நான்காம் பக்கம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. நாலாம் வகுப்பில் ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்தாய். மேலத்தெருவில் சாவு, தெருவே அங்கே போயிருந்தது. கதவு திறந்து கிடந்தது, வீட்டில் ஆளில்லை, ஆட்டுக்கல்லில் பாதி அரைத்த மாவு. முந்தின ஞாயிறுதான் நான் குடும்ப ஜெபத்தில், "இரண்டு ஸ்திரீகள் எந்திரம் அரைத்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தி ஏற்றுக்கொள்ளப்படுவாள், ஒருத்தி கைவிடப்படுவாள்" என்று வாசித்திருந்தேன். நாங்கள் திரும்பி வந்தபோது நீ ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாய். பசியில் அழுகிறாய் என்று நினைத்து அம்மா பிஸ்கட் கொடுத்தாள். விசுவாசிகளை மட்டும் இயேசு எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகையில் எல்லாரும் போய்விட்டார்கள், தான் மட்டும் கைவிடப்பட்டோம் என்று ஒன்பது வயதுப் பிள்ளை நினைத்ததை இப்போதுதான் எழுதுகிறாய். விசுவாசம் போய் ஆறு வருடம் ஆகிறது, மாப்பிள்ளை போனை எடுக்காவிட்டால் இன்றும் அடிவயிறு அதேபோல் சுருட்டுகிறது என்றும் எழுதியிருக்கிறாய். அதற்கு என்னிடம் பதில் இல்லையம்மா. மன்னித்துக்கொள்.

ஊரில் உன்னைப் பின்மாற்றக்காரி என்கிறார்கள். உலக ஆசை இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். பாவம் செய்ய ஆசைப்பட்டுப் போகிறவள் எசேக்கியேலை மூன்று தரம் படித்துவிட்டா போவாள்?

நான் சபையை விட்டுப் போகவில்லை. யோனா தீர்க்கதரிசியின் புத்தகத்தைத்தான் இப்போதெல்லாம் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். நாற்பது நாளில் நினிவே கவிழும் என்றார், கவிழவில்லை. சொன்னது பலிக்கவில்லையே என்று அந்த மனுஷன் ஆமணக்குச் செடியின் கீழே கோபத்தோடு உட்கார்ந்திருக்கிறார். கடவுளோ ஊர் பிழைத்ததைப் பார், இத்தனை மாடு கன்றுகளைப் பார் என்கிறார். பலிக்காத தீர்க்கதரிசனத்தை ஒளிக்காமல் வைத்திருக்கிற அந்த நாலு அதிகாரம் எனக்குப் போதும். சொன்னது நடவாமல் போனால் அது கர்த்தர் சொன்னதல்ல என்று உபாகமம் சொல்கிறதே என்று உடனே கேட்பாய். கேள். இந்தத் தடவை உட்காரச் சொல்லமாட்டேன்.

டிசம்பரில் வருகிறாய் அல்லவா? கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வரச்சொல்லி அம்மா ஒரு தரம் கேட்பாள், அது அவள் உரிமை. வரமுடியாது என்று நீ சொன்னால் இரண்டாம் தரம் கேட்கவிடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். ரயிலடிக்கு நான் வந்துவிடுவேன். நீ வீட்டுக்குள் நுழையும்போது அம்மா ஒருவேளை கோயிலில் இருப்பாள். வாசல் நிலைக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு வாங்கி மாட்டியிருக்கிறேன். எங்கே போயிருக்கிறாள், எத்தனை மணிக்குத் திரும்புவாள் என்று அதில் எழுதியிருக்கும்.

அன்புடன்,
அப்பா