குவாரி விரிவாக்கம்: கருத்துக்கேட்பில் கேட்க வேண்டியவை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கல் குவாரியைப் பெரிதாக்கப் போகிறோம் என்று ஒரு நிறுவனம் வந்தால், நம் செட்டிநாட்டு ஊர்களில் பேச்சு சீக்கிரமே பள்ளிக்கூடத்துக்கு பெஞ்ச், கோயில் திருப்பணிக்கு நன்கொடை என்று போய்விடுகிறது. அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெடி வைக்கும் முறையிலும் கழிவு கொட்டும் இடத்திலும் காட்ட வேண்டிய பொறுப்புக்கு அவை ஈடாகாது.

லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிற கம்பெனிச் சட்டப் பிரிவு பெரிய கம்பெனிகளுக்குத்தான் பொருந்தும்; தனிநபர் பெயரில் நடக்கும் குவாரிகளை அது தொடாது. நமக்குக் கைகொடுப்பது 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. 500 மீட்டருக்குள் அடுத்தடுத்து இருக்கும் குவாரிகளின் மொத்தப் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயம். அங்கே எழுப்பும் கோரிக்கைக்கு நிறுவனம் தரும் உறுதிமொழி, செலவுத் தொகையோடு சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்தில் ஏற வேண்டும் என்று 2020 செப்டம்பரில் மத்திய அமைச்சகம் சொல்லிவிட்டது. ஆகவே அன்று கேட்காமல் விட்டதைப் பிறகு கேட்டுப் பெறுவது கடினம்.

முதலில் அதிர்வு. பழைய குவாரியில் ஜாக்ஹேமர் என்ற கையில் பிடிக்கும் துளைக் கருவியால் சிறு துளை போட்டு வெடித்திருப்பார்கள். விரிவாக்கத்தில் வேகன் டிரில் என்ற பெரிய துளை இயந்திரம் வரும். துளை அகலும், ஆழமாகும், வெடிமருந்தும் கூடும். அன்றைக்கு மொத்தம் எத்தனை கிலோ வெடித்தார்கள் என்பதைவிட, ஒரே தருணத்தில் எத்தனை கிலோ வெடிக்கிறது என்பதுதான் சுவரை ஆட்டும். அதே தூரத்தில் அந்த அளவு நான்கு மடங்கானால் அதிர்வு ஏறத்தாழ மூன்று மடங்காகும். துளைகளை மில்லி விநாடி இடைவெளி விட்டு வெடிக்கும் டெட்டனேட்டர்கள் இருக்கின்றன. எந்த வகை, எத்தனை கிலோ என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் 1997 சுற்றறிக்கைப்படி, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் குறைவாக (விநாடிக்கு 8 முறைக்கும் குறைவான ஆட்டமாக) இருந்தால், நிலம் அதிரும் வேகத்துக்குச் சாதாரண வீட்டருகே வரம்பு விநாடிக்கு 5 மி.மீ., வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடத்துக்கு 2 மி.மீ. தான். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியவை. இங்குள்ள பெரிய வீடுகளுக்கு 2 மி.மீ. வரம்பையே வைக்க வேண்டும். சுண்ணாம்புப் பூச்சில் மயிரிழைக் கீறல் விழுந்தால் மழைநீர் உள்ளே இறங்கும். அதைச் சிமெண்ட் வைத்து அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல், இரண்டு மழைக்காலத்துக்குள் பூச்சு பாளமாக விட்டுவிடும்.

இந்த வீடுகளில் பல ஆண்டு முழுக்கப் பூட்டியே கிடக்கின்றன. படைப்பு என்ற குடும்ப வழிபாட்டுக்கும் கல்யாணத்துக்கும்தான் பங்காளிகள் கூடுகிறார்கள். கீறல் எப்போது விழுந்தது என்று சாட்சி சொல்ல ஆளில்லை. விரிவாக்கத்துக்கு முன்பே நிறுவனத்தின் செலவில் வீடு வீடாகக் கீறல்களைத் தேதியோடு படமெடுத்து அகலத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். முக்கியமான கீறல்களின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை, இரு முனையும் சுவரில் இறுகும்படி சாந்து வைத்துப் பதித்துவிட்டால் போதும். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். அதிர்வுமானியைக் குவாரி வாசலில் வைத்து எடுக்கும் கணக்கு பயன்படாது. வீட்டின் அடித்தளத்தை ஒட்டி வைத்து, ஒவ்வொரு வெடிக்கும் எடுக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீர். பெரிய ஆறு இல்லாத சீமை இது. வரத்துக்கால், கண்மாய், ஊருணி என்ற சங்கிலியில்தான் பிழைக்கிறோம். மேல்மண்ணையும் கிரஷர் தூசியையும் வரத்துக்கால் ஓரம் குவித்தால் ஐப்பசி மழையில் அவ்வளவும் கண்மாய்க்குள் போய் மடையை அடைக்கும். குவாரிப் பரப்பின் புலப்படத்தை வாங்கி, அதில் உள்ள வாய்க்கால் நிலத்தில் இருக்கிறதா என்று நடந்து பார்க்க வேண்டும். குழி ஆழமாகி ஊற்றுநீரை இறைக்கத் தொடங்கினால் பக்கத்துக் கிணறுகள் வற்றும். மே மாதமும் தை மாதமும் கிணற்று மட்டத்தை அளந்து ஊராட்சியில் எழுதி வைத்தால்தான் பிறகு இழப்பீடு கேட்க முடியும். கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கும் ஆயக்கட்டுக்காரர்களும் ஆடு மாடு மேய்ப்பவர்களும் கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார வேண்டியவர்கள்.

உள்ளே வேலை செய்கிறவர்களின் உயிரும் இதில் சேர்த்தி. குழியின் சுவரைப் படிப்படியாகத்தான் வெட்ட வேண்டும்; கடினப் பாறையில் ஒரு படியின் உயரம் 6 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது விதி. 2025 மே மாதம் மல்லாக்கோட்டையில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை. இருக்கும் குழியில் படிகள் ஒழுங்காக இல்லாதவருக்கு இன்னும் ஆழம் போக அனுமதி எதற்கு? ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றிக் குவாரிக்காரர் தர வேண்டிய அரையாண்டு அறிக்கைகள் பொது ஆவணங்கள். பழைய நிபந்தனைகளை நிறைவேற்றினார்களா என்று கூட்டத்துக்கு முன்பே வாங்கிப் படித்துவிடலாம்.

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பு நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். அது வரும்போது விளம்பரமாக மட்டும் விடாமல், ஊர்ப் பெயரோடு தாங்கள் செய்தியாகவும் வெளியிட்டால், சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் வீட்டுக்காரர்கள் எழுத்துமூலம் கருத்து அனுப்ப நாள் கிடைக்கும்.

இப்படிக்கு,
சுரங்கப் பொறியாளர் ஒருவர்,
காரைக்குடி