மீனாவுக்கு அம்மா எழுதுவது

மீனா,

நலம்தானே? அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாடி ஏறுகிறார், புலம்பிக்கொண்டேதான்.

நீ அனுப்பின படங்களைப் பார்த்தேன். ஒன்றில்கூடக் குட்டி வாய் திறந்து சிரிக்கவில்லை. சரி, அதை விடு.

பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற செல்வி அவனை இன்னும் பால் பாட்டிலோடுதான் தூங்கவைக்கிறாளா? மூன்று வயது முடிந்துவிட்டது. தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும். பால் பல்லிலேயே தேங்கும், அதிலிருக்கிற சர்க்கரையைக் கிருமி அமிலமாக்கும். மேல் முன்பற்கள்தான் முதலில் சொத்தையாகும். அதற்காக அவளைத் திட்டாதே. யாரும் சொல்லித்தராததை அவள் எப்படிச் செய்வாள்? ஆபீசில் எத்தனை பேருக்கு நீ வேலை பழக்கியிருக்கிறாய்! அப்பா அதை இன்னும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டில் இருக்கிற ஒருத்திக்குச் சொல்லித்தர மட்டும் நேரமில்லையா?

வாயால் சொன்னால் போதாது. அவள் பார்க்க நீ அவனுக்குப் பல் தேய்த்துவிடு, அப்புறம் நீ பார்க்க அவள் தேய்க்கட்டும். அவன் தலையை மடியில் சாய்த்து, மேலுதட்டை விரலால் தூக்கிப் பிடித்தால் ஈறு ஓரம்வரை தெரியும். ஃபுளோரைடு பேஸ்ட், அதில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்மாவது (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) இருக்கணும், டியூபிலேயே போட்டிருக்கும். இதுவரை அரிசியளவு, இனிமேல் பட்டாணியளவு. துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். நானே தேய்ப்பேன் என்று அடம்பிடித்தால் தேய்க்கட்டும், ஆனால் கடைசியில் பெரியவர் ஒருமுறை தேய்த்துவிட வேண்டும். ஏழெட்டு வயதுவரை பிள்ளைகளுக்குக் கை அந்த அளவுக்கு வளையாது. காலையும் இரவும் தேய்க்கணும். அதிலும் இரவில் விடவே கூடாது. தேய்த்தபின் தண்ணீர் மட்டும்தான்.

விழுந்து முளைக்கிற பல்தானே என்பாய். கடைவாய்ப் பால்பல் 10, 12 வயதுவரை இருக்க வேண்டியது. முன்னாலேயே பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். கீதா பையன் கதை உனக்கே தெரியும்.

இன்றைக்கே உதட்டைத் தூக்கிப் பார். ஈறை ஒட்டி மங்கலாக வெள்ளைக் கோடு இருந்தால் அது ஆரம்பம்தான், பரவாமல் நிறுத்திவிடலாம். பழுப்போ குழியோ இருந்தால் தள்ளிப்போடாதே. எதுவும் இல்லாவிட்டாலும் பல் டாக்டரிடம் காட்டு. முதல் பிறந்தநாளுக்குள்ளேயே காட்டியிருக்க வேண்டியது, அப்போதே சொன்னேன். செல்வியையும் கூட்டிக்கொண்டு போ, டாக்டர் சொல்வதை அவளும் நேரில் கேட்கட்டும்.

என்றைக்குப் போகிறீர்கள் என்று எழுது. படுக்கையில் பால் பாட்டில் மட்டும் வேண்டாம். அழுதால் பாட்டிலில் வெறும் தண்ணீர் கொடுக்கச் சொல்.

அம்மா