கையெழுத்து வைக்க முதல்

திருகோணமலை,
ஞாயிறு காலை.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மா குளிசையை ஒழுங்காகப் போடுகிறா, பிரஷர் பரவாயில்லை. பெரியம்மா வீட்டுக் கிணறு இன்னும் உப்புத்தான். கடையில் நின்ற பெடியன் கட்டாருக்குப் போய்விட்டான். இப்போது ரியூப் ஒட்டுவதும் நான், கல்லாவில் இருப்பதும் நான். இதையெல்லாம் போனில் சொன்னால் மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். நீ "ம்" என்பாய், நான் "சரி பிள்ளை, வைக்கிறேன்" என்பேன். அதனால்தான் கடிதம். நீ கடைசியாகக் கதைத்து 19 நாள் ஆகிறது.

உன் படத்தை எதிர்வீட்டுத் தம்பி தன் போனில் கொண்டுவந்து காட்டினான். செம்மஞ்சள் சப்பாத்து, கறுப்புக் காற்சட்டை, இடுப்பில் கை. கீழே உனக்கு அனுசரணை தரப்போகிற அந்தச் சப்பாத்துக் கொம்பனியின் அடையாளம். வடிவாக இருக்கிறாய். ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெரிதாக அடித்து, கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். காற்றடிக்க வருகிற எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். தம்பலகாமத்திலிருந்து வந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை சைக்கிளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள். "இந்த அக்கா எங்கட ஊரோ?" என்று கேட்டாள். "என்ர மகள்" என்றேன். அவளிடம் காசு வாங்கவில்லை.

தாத்தா இருந்திருக்க வேண்டும். 1958இல் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டில் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் தங்கம் கொண்டுவந்ததை, ஏதோ தன் வீட்டுப் பிள்ளை பாய்ந்ததுபோல் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாரே. உன் படத்தைக் கண்டால் கையில் வைத்துக்கொண்டு காளி கோயிலடி முழுக்கத் திரிந்திருப்பார்.

அந்தப் படத்தில் இன்னொன்றும் பார்த்தேன். அதைப் பிறகு எழுதுகிறேன்.

மாதக் கடைசியில் ஒப்பந்தத்தில் கையெழுத்து என்றாய். வாசிக்காமல் வைக்காதே. உனக்கு ஆங்கிலம் தெரியும், எனக்கும் தெரியும் உனக்குத் தெரியும் என்று. ஆனாலும் சொல்கிறேன், ஒவ்வொரு பக்கமாக வாசி. "அனுசரணை கிடைக்கப் போகுது அப்பா" என்று நீ சொன்ன நாளிலிருந்து நான் இரவில் இதைத்தான் தேடிப் படிக்கிறேன். தம்பி எடுத்துத் தருகிறான், விளங்காததைத் தமிழில் சொல்கிறான்.

இது நேற்று இன்று தொடங்கிய வேலை இல்லை. 1936இல் பெர்லினில் ஜெசி ஓவன்ஸ் நாலு தங்கம் எடுத்தாரே, அவருக்கு ஆணிச் சப்பாத்துக் கொடுத்தவர் அடி டாஸ்லர் என்ற ஜேர்மன்காரர். சின்ன ஊரில் அண்ணனும் தம்பியும் நடத்திய பட்டறை. ஓவன்ஸ் ஓடின ஓட்டத்தில் பட்டறைக்குப் பெயர் வந்தது. பிறகு அண்ணன் தம்பி கோபித்துப் பிரிந்தார்கள். 1948இல் அண்ணன் பூமா, 1949இல் தம்பி அடிடாஸ், அதே ஊருக்குள்ளேயே. எனக்குப் பெரியப்பாவும் நானும் நிற்கிற நிலைதான் ஞாபகம் வந்தது. அதை விடு. 1960இல் றோமில் ஆர்மின் ஹாரி பூமா போட்டுக்கொண்டு 100 மீற்றர் ஓடி வென்றார். பதக்கம் வாங்க மேடை ஏறும்போது காலில் அடிடாஸ். இரண்டு பேருக்கும் அந்தக் கால்கள் வேண்டியிருந்தன. அதே றோமில்தான் அபேபே பிக்கிலா, கொடுத்த சப்பாத்துக் காலுக்கு ஒத்துவராமல், வெறுங்காலோடு மரதன் ஓடித் தங்கம் எடுத்தார். அதை வாசித்தபோது மக்கெய்சர் மைதானத்தில் வெறுங்காலோடு நீ ஓடினது கண்ணுக்குள் வந்தது. உள்ளங்கால் சுட்டுச் சிவந்து, அம்மா தயிர் பூசிவிட்டா.

கடைக்காரனுக்கு இந்த வியாபாரம் விளங்கும் மகள். நீ போடுகிற ஆணிச் சப்பாத்தை இந்த ஊரில் எத்தனை பேர் வாங்குவார்கள்? பத்துப் பேர்கூட இல்லை. அவர்களுடைய லாபம் அதில் இல்லை. உன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாளே அந்தப் பிள்ளை, அவள் ரியூசனுக்குப் போட்டுக்கொண்டு போக, அதே அடையாளம் உள்ள சாதாரண சப்பாத்தைத் தகப்பனிடம் கேட்பாள். லாபம் அங்கே. அதற்குத்தான் உனக்கு இரண்டு சோடி சும்மா தந்து படம் பிடித்தார்கள். அது பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீ அவர்களுக்குக் கொடுப்பது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போய் இரு.

எங்கள் கடை போர்ட் ஞாபகம் இருக்கிறதா? ரயர் கொம்பனி ஏஜென்ட் வந்து, "அண்ணை, சும்மா அடிச்சுத் தாறம்" என்றான். அடித்துத் தந்தான். அவனுடைய பெயர் ஒரு முழ உயரம். தாத்தா வைத்த பெயர் கீழே மூலையில், பஸ்ஸில் போகிறவனுக்குத் தெரியாத அளவு. இலவசம் என்று நான் சந்தோஷப்பட்டேன். ஏழு வருடம் கண்டி வீதியில் அவனுக்கு ஒரு சுவர் கொடுத்திருக்கிறேன், ஒரு சதம் வாடகை கேட்கவில்லை.

தாளில் தொகையை முதலில் பார்க்காதே. தொகையைப் பெரிய எழுத்தில்தான் போடுவார்கள். குறைப்பு எங்கே இருக்கிறது என்று தேடு. வருடத்துக்கு இத்தனை போட்டி ஓடாவிட்டால் இவ்வளவு வெட்டு, தரவரிசையில் இறங்கினால் இவ்வளவு வெட்டு, காயப்பட்டு இத்தனை மாதம் இருந்தால் இவ்வளவு வெட்டு என்று உள்ளே இருக்கும். உன்னைப்போல 800 மீற்றர் ஓடுகிற அமெரிக்கப் பெடியன் ஒருவர், பொறிஸ் பேரியன். 2016இல் உலக உள்ளரங்குப் போட்டியில் வென்றவர். அந்த வருடமே நைக்கி அவர்மேல் வழக்குப் போட்டது. வேறு யாராவது கூடக் கொடுத்தால், அதே விலையைக் கொடுத்து அவரை வைத்துக்கொள்ளத் தங்களுக்கு உரிமை இருக்கிறது என்று பழைய ஒப்பந்தத்தைக் காட்டினார்கள். நியூ பலன்ஸ் என்ற இன்னொரு சப்பாத்துக் கொம்பனி வருடத்துக்கு 125,000 டொலர் தருவதாகச் சொல்லியிருந்தது, குறைப்பு இல்லாமல். தொகை ஒன்றுதான், ஆனால் நைக்கியின் தாளில் குறைப்பு இருக்கிறது, அப்படியென்றால் அது எப்படி அதே விலையாகும் என்று பேரியன் கேட்டார். கடைசியில் ஒலிம்பிக் தெரிவுப் போட்டிக்குக் கொஞ்சம் முதல் வழக்கைக் கைவிட்டார்கள். ஒரு வரிக்காக ஒரு ஓட்டக்காரர் அந்த நேரத்தில் பயிற்சியை விட்டு வழக்கறிஞரோடு இருக்க வேண்டி வந்தது. ஆகவே வாசி.

அமெரிக்க ஓட்டக்காரி அலிசன் பீலிக்ஸின் கதையை அம்மாவுக்கும் சொன்னேன். 2018இல் பிள்ளை பெற்றவர். புதிய ஒப்பந்தத்துக்கு முன்னையதைவிட 70 வீதம் குறைத்துத்தான் தர முடியும் என்று நைக்கி சொன்னதாக, 2019 மே மாதம் நியூயோர்க் ரைம்ஸில் அவரே எழுதினார். அவரும் வேறு ஓட்டக்காரிகளும் வாய் திறந்த பிறகுதான், பிள்ளைப்பேற்றுக்காக 18 மாதத்துக்குக் குறைக்கமாட்டோம் என்று அந்தக் கொம்பனி மாற்றியது. 2021இல் ரோக்கியோவில் தன் சொந்தக் கொம்பனிச் சப்பாத்தைப் போட்டு ஓடி ஒரு தங்கமும் ஒரு வெண்கலமும் எடுத்தார். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டா. கடைசியில், "அந்தப் பிள்ளை தன்ர தாயிட்டயாவது முதலே சொல்லியிருக்கும்" என்றா. கலியாணப் பேச்சை நான் எடுக்கவில்லை, பயப்படாதே. அம்மாவும் இதை அதற்காகச் சொல்லவில்லை.

இனி அந்தப் படம்.

உன் இடது குதிக்கால் நிலத்தில் படவில்லை. படத்துக்கு அப்படி நிற்கச் சொல்லியிருப்பார்கள் என்று அம்மா சொல்கிறா. இருக்கலாம். ஆனால் இடது காலுறை வலதைவிடத் தடிப்பாக இருக்கிறது, உள்ளே சீலை சுற்றினதுபோல. நாற்பது வருடமாக ரிம் பார்க்கிறவன் நான், சில்லு கொஞ்சம் ஆடினாலும் வாசலில் நிற்கும்போதே தெரிந்துவிடும். போன மாதம் கொழும்பு சுகததாச மைதானத்தில் நடந்த போட்டியின் முடிவிலும் உன் பெயர் இல்லை. தம்பி இரண்டு தரம் பார்த்தான்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. உசைன் போல்ட் 2004இல் ஏதன்ஸில் காலில் காயத்தோடு ஓடி முதல் சுற்றிலேயே வெளியே போனவர். சின்ன வயதிலிருந்து அவரோடு இருந்த பூமா அவரை விடவில்லை. நாலு வருடம் கழித்து பெய்ஜிங்கில் 100 மீற்றரை 9.69 செக்கனில் ஓடினார், அதுவும் ஒரு கால் லேஸ் அவிழ்ந்தபடி. பொன்நிறச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் தூக்கினபோது உலகம் முழுக்க பூமாவின் பெயரைப் பார்த்தது. நொந்த காலைத் தெரிந்துகொண்டே பொறுத்திருக்கிற கொம்பனியும் இருக்கிறது என்று சொல்லத்தான் எழுதினேன். வேறொன்றும் இல்லை.

வேறொன்றும் இல்லை என்று எழுதிவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். இருக்கிறது.

நேற்று அலுமாரிக்கு மேலே உரப் பையில் சுற்றிவைத்திருந்த உன் முதல் ஆணிச் சப்பாத்தை எடுத்தேன். ஆணியெல்லாம் கறள். இடது சப்பாத்துக்குள், குதிக்கால் உரசுகிற இடத்தில் துணி தேய்ந்து ஓட்டையாகி, அதைச் சுற்றி ஒரு ரூபாக் குத்தி அளவில் கறுப்பாகக் காய்ந்த ரத்தம். ஒரு அளவு சின்னச் சப்பாத்து அது. விலை குறைவென்று நான்தான் வாங்கினேன்.

மட்டக்களப்பில் மாகாண மட்டப் போட்டி. வியாழக்கிழமையே நீ சொன்னாய், "அப்பா, குதிக்காலுக்குப் பின்னால நோகுது" என்று. அம்மா முறிவு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போக வெளிக்கிட்டா. சனிக்கிழமை முடியட்டும் என்று மறித்தது நான். கடைப் பெயர் போட்டு 40 ரீசேட் அடித்து வைத்திருந்தேன். அந்த ஏஜென்டையும் வரச் சொல்லியிருந்தேன், நீ முதலாவதாக வருவாய், படம் பிடித்துப் போர்ட்டில் போடலாம் என்று. உன் காலை நான் பார்த்தேன் மகள். வீக்கம் தெரிந்தது. பார்த்துவிட்டு லேஸை நானே இறுக்கிக் கட்டிவிட்டேன். ஆறாவதாக வந்தாய். வானில் திரும்பும்போது வாகரை தாண்டும்வரை நான் உன்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை. களைப்பு என்று நீ நினைத்திருப்பாய். களைப்பு இல்லை.

அடுத்த வருடம் புதுச் சப்பாத்துக் கேட்டாய். கடையில் காசில்லை என்றேன். காசு இருந்தது. அந்தக் காசைக் கிரிக்கெட் கழகத்துக்குக் கொடுத்தேன், அவர்களுடைய முதுகில் கடைப் பெயர் வந்தது. நீ பீ.ரீ. சேரிடம் இரவல் சப்பாத்து வாங்கிக்கொண்டு தேசிய மட்டம்வரை போய் மூன்றாவதாக வந்தாய். பேப்பரில் பெயர் வந்த அன்று விடிய ஆறு மணிக்கே கடை வாசலில் பனர் கட்டினவன் நான். நீ அந்தப் பனரைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாய். இத்தனை வருடம் அதை நான் உன் அடக்கம் என்று ஆட்களுக்குச் சொல்லித் திரிந்தேன்.

பேரியனின் கதையை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. கொம்பனிக்காரன் தாளில் எழுதி வைக்கிற குறைப்பை, நான் தாளே இல்லாமல் என் பிள்ளைக்குச் செய்திருக்கிறேன். நோகுது என்று சொன்னால் சப்பாத்துப் போய்விடும் என்று உனக்கு முதலில் காட்டினவன் நான். நீ இன்று யாருக்கும் சொல்லாமல் சீலையைச் சுற்றிக்கொண்டு நிற்கிறாய் என்றால், அது எங்கே பழகினது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு நேற்று இரவுதான் சொன்னேன், காசு இருந்த விஷயத்தை. அவ இன்னும் என்னோடு கதைக்கவில்லை.

வெள்ளி இரவு பஸ்ஸில் வருகிறேன். வெள்ளவத்தையில் சித்தி வீட்டில் நிற்பேன், அவவுக்குச் சொல்லிவிட்டேன். தாளையும் கொண்டு வா. சித்தப்பாவின் சிநேகிதர் ஒருவர் சட்டம் படித்தவர், ஒருக்கால் பார்க்கட்டும். வெள்ளிக்கு முதல் கையெழுத்துக் கேட்டால் அப்பா வரட்டும் என்று சொல், அதற்குள் ஒன்றும் ஓடிப்போகாது. ஸ்கான் எடுக்கக் காசு வைத்திருக்கிறேன். கடைக் காசு, கடன் இல்லை. இந்தமுறை சும்மா தருகிற காசு. அம்மா எள்ளுருண்டை பிடிக்கிறா, கோபத்தோடுதான், ஆனால் உனக்கென்று நெய் கூட விட்டுப் பிடிக்கிறா.

சனி விடிய புறக்கோட்டையில் இறங்குவேன். நீ அங்கே வந்து நிற்காதே. எனக்கு வழி தெரியும். சித்தி வீட்டிலேயே இரு, காலை நீட்டிக்கொண்டு.

அன்புடன்,
அப்பா