ஆண்டறிக்கை 2024–25

தலைவி அம்மா அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் இங்கே வந்திருக்கும் அக்கா தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம். கூட்டம் காலை 10 மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம். அப்போது வந்திருந்தவர்கள் 23 பேர். விதிப்படி அரை மணி நேரம் ஒத்திவைத்து மறுபடி கூட்டியதில் இப்போது 41 பேர் இருக்கிறோம். நம் மகளிர் சங்கத்தின் மொத்த உறுப்பினர்கள் 112. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாதவர்கள் போகும் முன் போட்டுவிடுங்கள்.

வழக்கமான நிகழ்ச்சிகள் குறையில்லாமல் நடந்தன. பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் தேரன்று நீர்மோர்ப் பந்தல் வைத்தோம். சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றினோம். பொங்கலுக்குக் கோலப் போட்டியும் மகளிர் தினத்துக்கு விளையாட்டுப் போட்டியும் நடந்து, பரிசுகள் அன்றைக்கே கொடுக்கப்பட்டன. நான்காவது தெருவுக்கு விளக்கு கேட்டு மனு கொடுத்தோம், இரண்டு விளக்கு வந்திருக்கிறது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்து, அப்புறம் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது மூன்று நாள் சமைத்து ஆற்றோரக் குடியிருப்புகளுக்கு அனுப்பினோம். அந்த மூன்று நாளும் அடுப்படியில் நின்றவர்கள் யார் என்று நமக்குத் தெரியும்.

இனி, இந்த ஆண்டு என் நேரத்தையும் சங்கத்தின் பணத்தையும் அதிகம் எடுத்துக்கொண்ட வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாரில் கட்டியோடு மருத்துவமனைக்குப் போகும் பெண்களுக்குத் துணைக்குப் போன வேலை அது. உறுப்பினர் அல்லாதவர்களுக்கு ஏன் செலவு, சுற்றுலா ஏன் ரத்து என்று வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி நிறைய எழுதப்பட்டது. நான் அங்கே பதில் எழுதவில்லை. பொதுக்குழுவில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

நம் தெருக்களில் நாலு வீட்டில் வேலை செய்யும் ஒரு பெண். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம் என்றார். வயது 47. 2024 பொங்கல் சமயத்தில் குளிக்கும்போது மாரில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை. வலி இல்லாததால் விட்டுவிட்டார். மருந்துக் கடையில் ஒரு களிம்பு, அப்புறம் ஒரு மாதம் பற்று. ஏப்ரலில் யாரோ சொல்லி ஸ்கேன் எடுக்கப் போயிருக்கிறார். ஒரு நாளில் முடியவில்லை, இரண்டு நாள் ஆயிற்று. ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும், துணைக்கு ஆளோடு வாருங்கள் என்று அங்கே சொன்னதோடு வீட்டுக்கு வந்துவிட்டார். என்னிடம் சொன்னது ஜூலையில்.

என் வீட்டுக் கணக்கு நோட்டை அன்று இரவு எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் மாதச் சம்பளத்தில் இரண்டு நாள் கழித்திருக்கிறேன். சொல்லாமல் நின்ற நாட்கள் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அந்த இரண்டு நாளும் அவர் ஸ்கேனுக்காகப் போய் உட்கார்ந்திருந்த நாட்கள். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவள் நான். அந்த நோட்டைப் பார்த்த பிறகு தூக்கம் வரவில்லை.

அவருக்கு இருந்தது மார்பகப் புற்றுநோய். அதே ஆண்டு, அதே நோய் நம் உறுப்பினர் ஒருவருக்கும் வந்தது. அவருக்கும் ஏறக்குறைய அதே வயது. அவரும் சொல்லச் சொன்னார். வங்கியில் வேலை, அலுவலகக் காப்பீடு, கார் ஓட்ட மகன். கட்டி தெரிந்ததிலிருந்து அறுவைச் சிகிச்சை வரை 19 நாள். ஆரம்ப நிலையிலேயே பிடித்ததால் இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டார், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வேலை செய்யும் பெண்ணுக்கு ஆகஸ்டில் பயாப்சி முடிவு வந்தபோது மூன்றாம் நிலை. அக்குளில் நெறி கட்டியிருந்தது. இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் நடந்தால் ஏழு நிமிஷம்.

இதைச் செயற்குழுவில் சொன்னபோது ஒருவர், “அந்த ஜனங்ககிட்ட விழிப்புணர்வு இல்ல, அதான்” என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. நானும் போன வருஷம் வரை அப்படித்தான் பேசினேன். 2023 அக்டோபரில் நாம் விழிப்புணர்வு முகாம் நடத்தினோமே, பேனர், சிறப்பு விருந்தினர், சுண்டல் எல்லாம் உண்டு. அதில் மருத்துவர் பார்த்துவிட்டு மேல் பரிசோதனைக்குப் போகச் சொன்னது ஐந்து பேரை. போனவர்கள் இரண்டு பேர். நாம் அதற்குப் பிறகு அந்த மூன்று பேரை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆகஸ்டில் நான் வீடு தேடிப் போனேன். தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் அம்மா சொன்னார்: “கட்டி இருக்குதுன்னு தெரியாமலா இருக்கேன் டீச்சரம்மா? ஒரு நாள் போனா அன்னிக்குக் கூடை தூக்க முடியாது. கூட யாரு வருவா?” இன்னொருவருக்குக் காப்பீட்டு அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் வேறு எழுத்து. மூன்றாமவர் வீட்டில் மாமியார் படுக்கையில். மூன்று பேருக்குமே விஷயம் தெரிந்திருந்தது.

அதன் பிறகு நான் படிக்க ஆரம்பித்தேன். மருத்துவக் கல்லூரியில் படிக்கும் என் பழைய மாணவி கட்டுரைகளை எடுத்துக் கொடுத்து விளக்கினாள். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளைப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் அதனால் இறப்பது ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே எடுத்துக்கொள்வதில் அவர்கள் பின்தங்கியவர்களும் இல்லை, வெள்ளைப் பெண்கள் அளவுக்கு எடுக்கிறார்கள். அப்படியானால் எங்கே போகிறது உயிர்? சோதனையில் ஏதோ தெரிந்த பிறகு அடுத்த சோதனைக்குப் போக ஆகும் நாட்கள், சிகிச்சை தொடங்கும் தாமதம், காப்பீடு இல்லாமை, பாதியில் நிற்கும் மருந்து. ஹார்மோன் மாத்திரைக்கும் கட்டுப்படாத, ‘டிரிபிள் நெகட்டிவ்’ என்கிற கடுமையான வகை அவர்களுக்கு இரு மடங்கு அதிகமாக வருவதும் ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. 1970களின் இறுதி வரை இரண்டு தரப்பிலும் இறப்பு விகிதம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்திருக்கிறது. மேமோகிராமும் நல்ல மருந்துகளும் பரவிய 1980களில்தான் இடைவெளி விழுந்தது. மருந்து வந்த பிறகு, அது யார் கைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது என்பதில் விழுந்த இடைவெளி. அதைப் படித்த அன்று எனக்கு ஏழு நிமிஷ நடையில் இருக்கும் அந்த இரண்டு வீடுகளும்தான் ஞாபகம் வந்தன.

நம் நாட்டிலும் இதே கதைதான். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தில் 11 பகுதிகளை எடுத்துப் பார்த்ததில், நோய் கண்டு ஐந்து ஆண்டு தாண்டியவர்கள் சுமார் 66 சதவீதம். மிசோரத்தில் 75 பக்கம், அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டில் 42 பக்கம். அமெரிக்காவில் மொத்தமாகப் பார்த்தால் 90க்கு மேல். அறுவைச் சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப் போனால் இறப்பு அபாயம் 8 சதவீதம் கூடுகிறது என்று 2020ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம், ஒரு பெண் முதலில் வந்து காட்டியதிலிருந்து 60 நாளுக்குள் நோயை உறுதி செய்துவிட வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. நம் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு ஸ்கேனிலிருந்து சுமார் நாலு மாதம், கட்டி தட்டுப்பட்டதிலிருந்து ஏழு மாதம் ஆயிற்று.

பெரிய இயந்திரம் வாங்கினால்தான் முடியும் என்பதும் இல்லை. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனையினர் ஏழைக் குடியிருப்புகளில் 1,50,000க்கும் மேற்பட்ட பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரணப் பெண்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, கையால் தொட்டுப் பார்த்தார்கள். 50 வயது தாண்டியவர்களில் இந்த நோயால் இறப்பது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழே உள்ள வயதில் அப்படிக் குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, நாம் என்ன செய்தோம்? 2024 ஆகஸ்ட் 11 செயற்குழுவில் தீர்மானம் போட்டு, துணைக்குப் போகும் வேலையைத் தொடங்கினோம். போகிற பெண்ணோடு நம்மில் ஒருத்தி போவது. பஸ் செலவும் காலை டிபனும் சங்கத்தினுடையது. கூலி போகிற நாளுக்கு 300 ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை வசதி இருக்கிறது, அட்டையில் பெயர் திருத்தி வாங்கிக் கொடுக்கவும் ஓடினோம். ஆனால் போன கூலியும், கூட வர ஆளும் எந்த அட்டையிலும் வராது. நாம் செய்தது அந்த இடத்தில்தான்.

ஏழு பெண்கள், 61 நடை. இந்த ஏழில் ஐந்து பேருக்குப் புற்றுநோய் இல்லை, சாதாரணக் கட்டி. கட்டி என்றாலே அதுதான் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருப்பவர்களிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. மீன் விற்கும் அம்மாவுக்கு ஆரம்ப நிலையில் தெரிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து கூடை தூக்க ஆரம்பித்துவிட்டார். பெரிய கூடை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம், கேட்கவில்லை.

நம் வேலைக்கார அம்மாவுக்கு முதலில் கீமோ, பிறகு அறுவைச் சிகிச்சை. கடலூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துப் புதுச்சேரி இறங்கி, அங்கிருந்து கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனை. வெள்ளத்தில் சாலை அடைபட்டு ஒரு கீமோ எட்டு நாள் தள்ளிப் போயிற்று. அந்த எட்டு நாளும் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, “இதனால கட்டி வளருமா டீச்சரம்மா?” நான் மருத்துவரிடம் போன் செய்து கேட்டுச் சொன்ன பிறகுதான் சாப்பிட்டார். எழுதப் படிக்கத் தெரிந்த, போனில் கேள்வி கேட்கத் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் இருப்பது அவ்வளவு பெரிய விஷயம். சூலை நோய் தாங்காமல் அப்பர் நம் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து இராத்திரியோடு இராத்திரியாகத் திருவதிகைக்குத் தன் அக்கா திலகவதியிடம் போனார் என்று சின்ன வயதில் கதை கேட்டிருக்கிறோம். அவருக்கே ஒரு திலகவதி வேண்டியிருந்தது.

இப்போது விமர்சனத்துக்கு வருகிறேன். உறுப்பினர் அல்லாதவர்களுக்குச் சங்கப் பணத்தைச் செலவு செய்யலாமா என்று கேட்டீர்கள். நம் விதிகளின் இரண்டாம் பிரிவில் “இப்பகுதிப் பெண்களின் நலன்” என்று இருக்கிறது, “உறுப்பினர்களின் நலன்” என்று இல்லை. சுற்றுலாவை ரத்து செய்தது என் தனி முடிவு என்றும் எழுதினீர்கள். செயற்குழுவில் ஏழுக்கு ஐந்து ஓட்டில் எடுத்த முடிவு அது, மினிட் புத்தகத்தில் கையெழுத்தோடு இருக்கிறது. ஆனால் கேட்டவர்கள் யாரும் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. துணைக்குப் போகிறேன் என்று ஆகஸ்டில் பெயர் கொடுத்தவர்கள் 14 பேர். போனவர்கள் 5 பேர். விடியற்காலை ஐந்து மணிக்கு “இன்னிக்கு முடியாது” என்று செய்தி வந்தால் நான் யாரை எழுப்புவது? 61 நடையில் 27 நடை நானே போனேன். என் முழங்கால் நிலைமை உங்களுக்குத் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை, பட்டியல் போட்டது வீணாகிவிட்டதே என்ற வருத்தத்தில் சொல்கிறேன்.

வரவு செலவைப் பொருளாளர் விரிவாக வைத்திருக்கிறார், புத்தகம் மேசை மேல் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் வரவைவிடச் செலவு கொஞ்சம் கூடுதல், முந்தைய ஆண்டின் கையிருப்பிலிருந்து சமாளித்தோம். புயல் சமையலுக்கு ஆன சில பற்றுச்சீட்டுகள் நனைந்துபோனதைப் பொதுக்குழு பொறுத்தருள வேண்டும். ஆண்டுச் சந்தா 600 ரூபாய். 46 பேர் இந்த ஆண்டுக்குக் கட்டவில்லை, அதில் 19 பேர் இரண்டு ஆண்டாகவே கட்டவில்லை. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவி அம்மா சொன்னதால் வாசிக்கவில்லை. ஒரு சந்தா இரண்டு நாள் கூலி. இந்த ஆண்டு பாக்கி மட்டும் வந்திருந்தால் கையிருப்பைத் தொட்டிருக்க மாட்டோம்.

கூட்டங்களுக்கு இடம் கொடுத்த பள்ளி நிர்வாகத்துக்கும், ஒலிபெருக்கி கொடுத்தவர்களுக்கும், கணக்கைச் சரிபார்த்த உறுப்பினருக்கும், பொறுமையாக இருந்த எங்கள் வீட்டாருக்கும் நன்றி. அந்த ஐந்து பேருக்குத் தனியாக நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகிறேன். எனக்கு 63 ஆகிறது. யாராவது முன்வந்தால் இந்தப் பொறுப்பைச் சந்தோஷமாகக் கொடுக்கிறேன். யாரும் வராவிட்டால் இன்னொரு வருஷம் நான் இருக்கிறேன், ஆனால் இதே ஐந்து பேரை வைத்து முடியாது. இன்னொன்று: உங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவர் மருத்துவமனைக்குப் போகிற நாளுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை என்று இந்தப் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறேன். அறிக்கை முடிந்ததும் அது வாக்கெடுப்புக்கு வரும். என் வீட்டில் அந்த இரண்டு நாள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நம் வேலைக்கார அம்மாவுக்கு ரேடியேஷன், நம் பக்கத்தில் கரண்ட் வைப்பது என்பார்களே, அது மே 5 திங்கட்கிழமை தொடங்குகிறது. வாரத்தில் ஐந்து நாள், மொத்தம் 15 நாள். ஒரு நாளும் விடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். இதுவரை ஆறு நாளுக்குத்தான் ஆள் இருக்கிறது. செவ்வாயும் வியாழனும்தான் அதிகம் காலி. நோட்டு, பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன், பேனாவும் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்
கடலூர், 27.04.2025