சிறு விமான ஓட்டிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கொட்டகைக் கூரை வேலையும் புதிய உறுப்பினர் சேர்க்கையும் செயற்குழு முடிவு செய்தபடியே நடந்தேறின. அப்புறம் சொல்ல வேண்டியது எரிபொருள் பற்றித்தான்.

நம் பைப்பர் விமானத்தின் எஞ்சின் நடுவானில் நின்றுபோனதை எல்லோரும் அறிவீர்கள். இடது டேங்க் வற்றியிருந்தது, வலது டேங்க்கில் பாதிக்கு மேல் கிடந்தது. நம் செஸ்னா 172 விமானத்தில், எந்த டேங்க்கிலிருந்து எரிபொருள் வரவேண்டும் என்று தேரும் பிடியான செலக்டரை இரண்டு டேங்க்குக்கும் பொதுவான நிலையில் வைத்துவிட்டால் போதும், இரு இறக்கைகளிலிருந்தும் எரிபொருள் தானாக இறங்கும். பைப்பரில் அந்த நிலையே கிடையாது. இடது, வலது, மூடல், அவ்வளவுதான். செஸ்னாவிலேயே பழகிய நம் விமானிக்கு இடது காலருகே இருக்கும் அந்தப் பிடி நினைவுக்கே வரவில்லை. நல்லவேளையாகப் போதிய உயரம் இருந்தது. மூக்கைத் தாழ்த்திச் சறுக்கு வேகத்தைப் பிடித்து, மின் பம்ப்பைப் போட்டு, டேங்க்கை மாற்றியதும் எஞ்சின் ஓடத் தொடங்கியது.

1997 அக்டோபரில் அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் கலிபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்ததும் டேங்க் மாற்றப் போய்த்தான். அவருடைய லாங்-ஈஸி விமானத்தில் செலக்டர் இடது தோளுக்குப் பின்னால் இருந்தது. அதைத் திருப்ப முயன்றபோது விமானத்தின் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரடரின் வலது மிதி அழுந்தி விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்றது விசாரணை. புறப்படும் முன் கூடுதலாக எரிபொருள் நிரப்பவும் அவர் மறுத்திருந்தார்.

கேஜ் முள்ளை நம்பாமல் அளவுக்குச்சி விட்டுப் பார்ப்பதை இவ்வாண்டு கட்டாயமாக்கினோம். செஸ்னா குச்சியைப் பைப்பரில் விட்டால் அளவு தப்பும், ஆகவே இரண்டுக்கும் வேறு வேறு வண்ணம் பூசியாயிற்று. ஏணி ஏற முழங்கால் வலிக்கிறது என்ற மூத்த உறுப்பினர்களுக்கு ஒரு செய்தி: கைப்பிடி வைத்த ஏணி வாங்கிவிட்டோம்.

காலையில் எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று டேங்க்கிலிருந்து கொஞ்சம் வடித்துப் பார்க்கும்போது, கிண்ணத்தில் தண்ணீரையும் பெட்ரோலையும் பிரிக்கும் கோடு தெரியவில்லை என்றவுடன் சரி என்று கொட்டிவிடாதீர்கள். முழுக்கத் தண்ணீராக இருந்தாலும் கோடு தெரியாது. நம் 100எல்எல் விமானப் பெட்ரோலின் நீலம் தெரிகிறதா என்று பாருங்கள். உயரத்தில் மிக்ஸ்சரை, அதாவது காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவை, குறைக்காமலே பறந்துவிட்டு, கையேட்டின் எரிபொருள் செலவுக் கணக்கு பொய் என்று குறைப்படுவோரும் நம்மில் உண்டு. அந்தக் கணக்கே மிக்ஸ்சரைக் குறைத்துப் பறப்பவர்களுக்குப் போட்டது.

கடைசியாக ஒரு தீர்மானம். அமெரிக்க விதி பகலில் 30 நிமிடமும் இரவில் 45 நிமிடமும் பறக்கப் போதுமான எரிபொருள் இருப்பைக் கேட்கிறது. நம் விமானங்கள் தரையிறங்கும்போது ஒரு மணி நேர இருப்பு வேண்டும் என்று செயற்குழு முன்மொழிகிறது. எடை கூடும், நான்காவது ஆளை ஏற்ற முடியாது என்ற ஆட்சேபம் நியாயமானதே. அப்படி ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் வழியில் ஒருமுறை இறங்கி நிரப்பிக்கொள்ளலாம். தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்