வீட்டுக்காரரின் காப்புறுதி உங்கள் சாமானுக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளைப் பக்கம் தொடர்மாடிகளிலும் அனெக்ஸ்களிலும் வாடகைக்கு இருக்கும் நம்மவர்கள் பலர், 'வீட்டுக்காரர் இன்ஷூரன்ஸ் போட்டிருப்பார்தானே' என்று இருந்துவிடுகிறார்கள். அவர் போட்டிருப்பது கட்டடத்துக்கு. தீப்பிடித்தால் சுவருக்கும் கூரைக்கும் அவருக்குப் பணம் வரும். உள்ளே எரிந்த உங்கள் பிரிட்ஜ், அலுமாரி, தையல் மெஷின், பிள்ளையின் மடிக்கணினி எதற்கும் ஒரு சதமும் வராது. உங்கள் கவனக்குறைவால்தான் தீ மூண்டது என்று நிரூபணமானால், அவருக்கு நட்டஈடு கொடுத்த கம்பனி அந்தப் பணத்தை உங்களிடம் அறவிட வழக்கும் போடலாம். மேல்மாடியில் குழாயைப் பூட்ட மறந்து கீழ்வீட்டு சீலிங் நனைந்தாலும் இதே கதைதான். ஆகவே வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் ஒரு பொலிசி கேட்கும்போது, மூன்றாம் தரப்புப் பொறுப்பையும் (நீங்கள் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பு) சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.

சாதாரண தீக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் தானாக உள்ளடங்காது. 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் பட்ட பாட்டைப் பார்த்த பிறகும் அந்த ஒரு வரியைச் சரிபார்க்காமல் கையெழுத்திடுவது பெரும் தவறு. கலவரத்துக்கான காப்பும் தனியாகச் சேர்க்க வேண்டியது. 1983 இனக்கலவரத்தைக் கண்ட கொழும்பில் அதற்கு விளக்கம் தேவையில்லை.

நட்டஈடு கேட்கும் நேரத்தில் அதிகம் பேரை ஏமாற்றத்தில் தள்ளுவது காப்புறுதித் தொகையைக் குறைத்துப் போடுவதுதான். கட்டுப்பணம் (பிரீமியம்) குறையட்டும் என்று 10 இலட்சம் ரூபா சாமானை 5 இலட்சத்துக்குப் போடுகிறார்கள். பிறகு 2 இலட்சத்துக்குச் சேதமானால் 2 இலட்சமும் கிடைக்கும் என்று நம்புகிறார்கள். கிடைப்பது 1 இலட்சம். பெறுமதியில் பாதிக்குத்தான் காப்பு எடுத்தீர்கள், ஆகவே சேதத்திலும் பாதிதான் தருவோம் என்பது நிபந்தனை. அதிலும் முதல் சிறு தொகையை நீங்களே ஏற்க வேண்டியிருக்கும். 2022இல் ரூபா சரிந்து மின்சாதனங்களின் விலை ஏறிய பின்னரும் பழைய தொகைக்கே புதுப்பித்து வருபவர்கள் பலர் இன்று இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். ஒவ்வொரு அறையாகப் போய், இன்று கடையில் வாங்கினால் என்ன விலை என்று எழுதிக் கூட்டிப் பாருங்கள். தேய்மானம் கழித்துத் தருவார்களா, புதிதின் விலையைத் தருவார்களா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

களவுக்குப் பெரும்பாலும் பூட்டு உடைத்த அடையாளம் இருக்க வேண்டும். திறந்து கிடந்த கதவால் போனதற்குத் தரமாட்டார்கள். தொடர்ந்து 30 நாளுக்கு மேல் வீடு பூட்டிக் கிடந்தால் களவுக் காப்பு நின்றுவிடும் பொலிசிகளும் உண்டு. நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் யாழ்ப்பாணத்திலேயே தங்கிவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். காசும் நகையும் ஒன்றில் விலக்கப்பட்டிருக்கும், அல்லது ஓர் எல்லைக்குள்தான் வரும். தாலிக்கொடி போன்றவற்றை மதிப்பீட்டுச் சான்றிதழோடு தனியாகப் பதிய வேண்டும், இல்லையேல் வங்கிப் பெட்டகமே நல்லது.

பற்றுச்சீட்டுகளையும் சாமான்களின் தொடரிலக்கம் தெரியும் படங்களையும் கைப்பேசியில் மட்டும் வைக்காதீர்கள். வெளியூர் உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். சேதம் நடந்தால் உடனே கம்பனிக்கு அறிவியுங்கள். களவென்றால் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி கட்டாயம். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை நனைந்த மெத்தையைக்கூட வீசாதீர்கள். கோரிக்கையை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் கம்பனியிடமே மேன்முறையீடு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் குறைகேள் அதிகாரி) போகலாம்.

இப்படிக்கு,
காப்புறுதித் துறை சார்ந்த வாசகர்,
கொழும்பு 06